கசடை வேகவைத்த கதை

1682 ஏப்ரல் 12 அன்று லண்டனில் ஒரு விருந்து நடந்தது. வந்திருந்தவர்கள் ராயல் சொசைட்டியின் அறிஞர்கள். மீன், புறா, மாடு, ஆடு என அன்று பரிமாறியதெல்லாம் ஒரே வகைப் பாத்திரத்தில் வெந்தவை. அங்கே சாப்பிட்ட ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதிவைத்திருக்கிறார். மாட்டெலும்பு பாலாடைக்கட்டி போல மெத்தென்று ஆகியிருந்ததாம். அடுப்புக்கு எட்டு அவுன்ஸ் நிலக்கரிகூடச் செலவாகவில்லையாம்.

பாத்திரத்தைச் செய்தவர் டெனிஸ் பாபின். பிரான்சில் பிறந்து மருத்துவம் படித்தவர். 1679இல் அவர் காட்டிய அந்த இறுக மூடிய உலோகச் சட்டிதான் நம் வீட்டு பிரஷர் குக்கரின் பாட்டன். ஆவியை உள்ளேயே அடைத்தால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும், வேகாததெல்லாம் வேகும். சட்டி வெடித்துவிடாமலிருக்க அவர் வைத்த பாதுகாப்பு வால்வு இன்றும் நம் குக்கர் மூடியில் இருக்கிறது. தூக்கி எறியும் எலும்பிலிருந்து சத்து எடுத்து ஏழைகளின் வயிற்றுக்குச் சேர்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். சட்டிக்கு அவர் வைத்த பெயர் டைஜெஸ்டர், அதாவது செரிப்பான்.

இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பாபின் சட்டியின் இன்னொரு பேரன் இன்று மான்செஸ்டரிலும் வாஷிங்டனிலும் பெய்ஜிங்கிலும் கழிவுநீர்க் கசடை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. வெந்த கசடு அடுத்ததாகப் போய்ச் சேரும் பெரிய தொட்டியில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு தருகின்றன. அந்தத் தொட்டிக்கும் டைஜெஸ்டர் என்றே பெயர். வெவ்வேறு நூற்றாண்டுகளில் பிறந்த இரண்டு செரிப்பான்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

அழுகிக் கிடக்கும் ஒன்றை எதற்காக வேகவைக்க வேண்டும்? இதற்கான விடை நம் சமையலறையில் இருக்கிறது. ஊறவைத்த உளுந்தையும் அரிசியையும் அரைக்காமல் அப்படியே வைத்துப் பாருங்கள், இட்லி மாவு பொங்காது. பருப்பின் உறை உடைந்து உள்ளிருப்பது வெளியே வந்தால்தான் நுண்ணுயிர்களுக்கு வாய் வைக்க இடம் கிடைக்கும். மாட்டின் வயிற்றிலும் புல்லைச் செரிப்பவை நுண்ணுயிர்கள்தான். அவற்றுக்கு உதவியாக மாடு மணிக்கணக்கில் அசைபோட்டுக் கொடுக்கிறது. செரிப்பதற்கு முன் ஒரு பக்குவம் வேண்டும் என்பது உழவரும் இல்லத்தரசியும் எப்போதோ அறிந்தது. சாக்கடைப் பொறியாளர்களுக்கு அது எட்டியது வெகு தாமதமாக, பல ஊர்களைச் சுற்றிக்கொண்டு.

சுற்று பிரான்சின் வெசூல் நகரில் தொடங்குகிறது. அங்கே லூயி மூரா என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக் கழிவுக்குக் காற்றுப் புகாத ஒரு குழி கட்டினார். உள்ளே போகும் திடக்கழிவு தானாகவே கரைந்து நீராகி வெளியேறுகிறது என்ற செய்தி 1881இல் ஒரு பிரெஞ்சு அறிவியல் இதழில் வந்து பரபரப்பானது. 1895இல் இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் டொனால்டு கேமரன் அதே யோசனையைப் பெரிதாகக் கட்டி ‘செப்டிக் டேங்க்’ என்று பெயரிட்டார். அதிலிருந்து வந்த வாயுவில் அங்கேயே விளக்கும் எரித்தார். இரண்டே ஆண்டில், 1897இல், பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர்களுக்கான இல்லத்தின் கழிவுத் தொட்டியிலும் வாயு சேகரிக்கப்பட்டது. நம் நாட்டுச் சாண எரிவாயுக் கலன்களின் முன்கதை ஒரு தொழுநோய் இல்லத்தில் இருக்கிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கும் செய்தி.

அதுவரை பக்குவம் தேவைப்படவில்லை. தொட்டிக்குள் போனது மலம், உணவு மிச்சம், கொழுப்பு. பாக்டீரியா விரும்பித் தின்னும் பண்டங்கள். சிக்கலைக் கொண்டுவந்தது ஒரு மாபெரும் வெற்றி.

1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் எட்வர்டு ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு கட்டுரை படித்தார்கள். டேவிஹியூம் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர்கள் செய்தது எளிமையானது. பாட்டில்களில் கழிவுநீரை நிரப்பி, பாசி வளராமலிருக்கப் பழுப்புக் காகிதம் சுற்றி, இடைவிடாமல் காற்று ஊதினார்கள். முதல் முறை நீர் முழுமையாகத் தெளிய ஐந்து வாரம் ஆனது. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலை அப்படியே விட்டு, மேலே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இந்தத் தடவை நாள்கள் குறைந்தன. மறுபடி, மறுபடி. கடைசியில் சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. மற்றவர்கள் வீசியெறிந்த வண்டலில்தான் சுத்தம் செய்யும் பாக்டீரியா கூட்டம் குடியிருந்தது. அதற்கு ‘முடுக்கிய கசடு’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். முதல் நாள் பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலக்கும் பழக்கம் உள்ள எவருக்கும் இது உடனே விளங்கும்.

அவர்களை இந்த வழியில் செலுத்தியவர் கில்பர்ட் ஃபவுலர். 1912இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில் லாரன்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் போயிருந்தபோது, காற்று ஊதிய கழிவுநீர் பாட்டில்களை அங்கே பார்த்துவிட்டு யோசனையோடு ஊர் திரும்பியவர். 1916இல் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அங்கே உயிர்வேதியியல் துறை உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

நல்ல யோசனைக்கு நகல்கள் பெருகாமல் இருக்குமா? காப்புரிமை வைத்திருந்த ஆங்கிலேய நிறுவனம், தன் முறையை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அமெரிக்க நகரங்கள் மீது வழக்குத் தொடுத்தது. மில்வாக்கி நகரம் தோற்றது. ஆனால் நிலையத்தை மூடினால் நகரத்தின் சாக்கடை முழுவதும் மிச்சிகன் ஏரியில்தான் போய் விழும். அதனால் 1930களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலையத்தை மூடச்சொன்ன தடையாணையை மட்டும் நீக்கியது. அதே மில்வாக்கி 1926 முதலே தன் கசடை உலர்த்தி ‘மில்ஆர்கனைட்’ என்ற பெயரில் உரமாக விற்றுக்கொண்டிருந்தது. சட்டம் திருடியது என்று சொன்ன பொருளை நகரம் பைகளில் கட்டி விற்றுக்கொண்டிருந்தது!

உலகமே டேவிஹியூம் வழியைப் பிடித்துக்கொண்டபோதுதான் சிக்கல் தலைகாட்டியது. இந்த முறையில் நீர் தெளியத் தெளிய பாக்டீரியா பெருகும். பெருகியதை நாள்தோறும் வெளியேற்ற வேண்டும். அந்த உபரிக் கசடு என்பது கோடானுகோடி பாக்டீரியா உடல்கள். ஒவ்வொன்றுக்கும் உறுதியான செல்சுவர், அத்தனையையும் சேர்த்துப் பிணைக்கும் வழவழப்பான பசை. காற்றில்லாத செரிப்பானுக்குள் இதை அனுப்பினால், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் கவசம் அணிந்த ஒரு படையைத் தின்ன வேண்டியிருக்கிறது. மூன்று வாரம் வைத்திருந்தாலும் பாதிகூடச் செரிப்பதில்லை. அந்தப் பசை நீரையும் விடாமல் பிடித்துக்கொள்வதால், எவ்வளவு பிழிந்தாலும் எஞ்சுவது நனைந்த சேறுதான்.

முதலில் பொறியாளர்களை வாட்டியது இந்த நீர்தான். 1930களில் இங்கிலாந்தில் போர்ட்டியஸ் என்பவர் பாபின் சட்டியின் வழியைக் கசடுக்குக் கொண்டுவந்தார். 180, 200 டிகிரியில் அழுத்தத்தோடு அரைமணி நேரம் வேகவைத்தால் பசை உடைந்து நீர் பிரிந்துவிடும். 1939இல் ஹாலிஃபாக்ஸ் நகரில் அது வேலைக்கு வந்தது. கசடிலிருந்து நீர் நன்றாகவே பிரிந்தது. பிரிந்த நீர் கரும்பழுப்பாக, கடும் நாற்றத்தோடு, கரைந்த பொருள்கள் நிறைந்து வந்தது. அதை மறுபடி நிலையத்தின் வாயிலுக்கே அனுப்பி இன்னொரு தடவை சுத்திகரிக்க வேண்டியிருந்தது.

அழுத்தச் சூட்டின் இரண்டாவது வருகை இனிப்புப் பண்டத்தின் பக்கத்திலிருந்து. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபிரெட் சிம்மர்மன் காகித ஆலைக் கழிவிலிருந்து செயற்கை வனிலா எடுக்க முயன்றார். மரத்தின் லிக்னின் அந்தக் கழிவில் கரைந்திருக்கும். அதைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஆக்ஸிஜனோடு சேர்த்தால் வனிலின் கிடைக்கும். ஆனால் கழிவு அதோடு நிற்காமல் நீருக்குள்ளேயே எரிந்துகொண்டு போவதைக் கண்டார். ஐஸ்கிரீம் மணத்துக்காகப் போட்ட அடுப்பு ‘சிம்ப்ரோ’ என்ற பெயரில் சாக்கடை நிலையங்களுக்குள் நுழைந்தது. 1960களின் தொடக்கத்தில் சிக்காகோ நகரம் பெரிய அளவில் அதை நிறுவியது. அங்கும் பிற ஊர்களிலும் துரு, குழாய்களில் படியும் செதில், நாற்றம், எரிபொருள் செலவு எல்லாம் சேர்ந்து அலைக்கழித்தன. இருபது, முப்பது ஆண்டுகளில் இவ்வகை நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

ஹாலிஃபாக்ஸில் எல்லோரையும் முகம் சுளிக்கவைத்த அந்தப் பழுப்பு நீர் உண்மையில் என்ன? உடைந்த செல்களிலிருந்து ஒழுகிய புரதமும் சர்க்கரையும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு விருந்துச் சாறு. அதைத் தொல்லை என்று எண்ணித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நீர் பிழிவதற்காக வேகவைத்தவர்களுக்கு அது ஊட்டச் சோறு என்று தோன்றவில்லை. இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்கவைக்கும் இடம் இதுதான்.

அப்படித் தோன்றவைத்தது 1973இன் எண்ணெய் நெருக்கடி. எரிவாயுவின் ஒவ்வொரு கன அடிக்கும் மதிப்பு வந்த அந்தக் காலத்தில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெர்ரி மெக்கார்ட்டியும் உடன் ஆய்வாளர்களும் வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். வேகவைப்பது முதலில், நுண்ணுயிர்களுக்கு ஊட்டுவது அடுத்து. ரோஜர் ஹாக் முதலியோரின் 1978 கட்டுரை சொன்னது: 175 டிகிரியில் அரைமணி நேரம் வெந்த உபரிக் கசடிலிருந்து மீத்தேன் 60 முதல் 70 சதவீதம் கூடுகிறது. கழிவுநீரிலிருந்து நேராகப் படியும் முதல்நிலைக் கசடை வேகவைத்தால் பெரிய மாற்றமில்லை. அதில் கவசம் அணிந்த உடல்கள் குறைவு, உடைக்க வேண்டியதும் குறைவு. சூட்டை இன்னும் ஏற்றினாலும் பலன் கூடவில்லை, இறங்கியது. புரதமும் சர்க்கரையும் கடும் சூட்டில் ஒன்றுசேர்ந்து பழுப்பு நிறச் சேர்மங்கள் ஆகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விளக்கிய வினை அது. தோசையின் அடிப்புறம் பொன்னிறமாவதும் அதே வினையால்தான். நமக்கு மணக்கும் அந்தப் பழுப்பை நுண்ணுயிர்களால் செரிக்க முடிவதில்லை.

ஆய்வகத்தில் கிடைத்த விடை ஆலையாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு இன்னொரு பொருள் வந்து சேர வேண்டியிருந்தது: பொரி.

சூடான மணலில் நெல்லைப் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சட்டென விரிந்து மணி பூக்கிறது. அலெக்சாண்டர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் இதையே ஒரு பீரங்கிக்குள் செய்தார். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அரிசியைப் பீரங்கிகளில் அடைத்து அழுத்தமேற்றி, மூடியைத் திறந்து, கூட்டத்தின் முன் பொரியாகச் சுட்டார்கள். 1920களில் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில், எடிசனிடம் வேலை பார்த்திருந்த வில்லியம் மேசன் அரிசியின் இடத்தில் மரச்சீவலை வைத்தார். ஆவியழுத்தம் சட்டென விடுபட்டதும் மரம் நார்நாராகப் பிரிந்தது. மேசனைட் பலகை அப்படித்தான் பிறந்தது. ஆவிவெடிப்பு எனும் அந்த நுட்பம் பிறகு காடுகள் மிகுந்த நாடுகளின் மரத்தொழிலில் பரவியது.

நார்வே அப்படியொரு நாடு. அங்குள்ள ஹாமார் நகரம், நாட்டின் மிகப் பெரிய ஏரியான மியோசாவின் கரையில் இருக்கிறது. 1970களில் அந்த ஏரியில் பாசி பெருகிக் குடிநீரே நாற்றமடித்தபோது நாடே திரண்டு ஏரியைக் காக்க இயக்கம் நடத்தியது. சுற்றுவட்டார ஊர்களின் கழிவுநீருக்காக ஹியாஸ் என்ற கூட்டு நிலையம் எழுந்தது. 1994 குளிர்கால ஒலிம்பிக்கின் பனித்தளச் சறுக்கு ஓட்டப் பந்தயங்கள் ஹாமாரில் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய அடுத்த ஆண்டில், காம்பி என்ற நார்வே நிறுவனம் ஹியாஸில், செரிப்பதற்கு முன் கசடை வேகவைக்கும் உலகின் முதல் முழு அளவிலான வெப்பப் பக்குவ நிலையத்தை நிறுவியது.

அதில் பாபினும் மேசனும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். முதலில் கசடின் நீரைப் பாதிக்குமேல் பிழிந்துவிடுகிறார்கள், வீணாக நீரைச் சுடவைக்காமலிருக்க. முதல் கலனில் அது கொதிநிலைக்குச் சற்று முன்வரை சூடாகிறது. இரண்டாவது கலனில் 165 டிகிரி, சுமார் 6 பார் அழுத்தம், 20 முதல் 30 நிமிடம். நம் வீட்டு குக்கர் 120 டிகிரியோடு நின்றுவிடும். பிறகு வால்வு திறக்கிறது. கசடு மூன்றாவது கலனுக்குள் பாய்கிறது, அழுத்தம் சட்டென விழுகிறது, செல்கள் பொரிபோல் உடைகின்றன. அங்கே எழும் ஆவி வீணாகாமல் முதல் கலனுக்கே திரும்பிப்போய் அடுத்த ஈட்டைச் சூடாக்குகிறது. வெளியே வரும் கசடு பழைய சேறு அல்ல, ரசம் போல ஓடும் நீர்மம். கெட்டியாக ஊட்டினாலும் குழாயில் ஓடும் என்பதால் அதே செரிப்பானுக்குள் இருமடங்கு அனுப்பலாம். புதுத் தொட்டி கட்ட இடமில்லாத நகரங்களுக்கு எரிவாயுவைவிட இதுவே பெரிய ஈர்ப்பாக இருந்தது.

ஒரு வழி வெற்றி பெற்றதும் பக்கத்து வழிகளில் ஆள் நடமாட்டம் தொடங்கியது. பிரான்சின் வியோலியா தன் சொந்த முறைகளைக் கொண்டுவந்தது. இறைச்சிக்கூடக் கழிவை, எலும்பும் கொழுப்புமாக, உருக்கும் இயந்திரங்கள் செய்துவந்த டென்மார்க்கின் ஹார்ஸ்லெவ் நிறுவனம் கசடுக்கும் கொப்பரை செய்யத் தொடங்கியது. எலும்பு வேகவைத்த பாபினின் நேர்வழி வாரிசு அவர்களே.

வேறு சிலர் சூட்டை விட்டுவிட்டு ஒலியை எடுத்தார்கள். முதல் உலகப் போரின்போது துலோன் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க மீயொலி அனுப்பிய பால் லான்ஜவான், அலையின் குறுக்கே வந்த மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டார். 1927இல் அமெரிக்காவில் ராபர்ட் வுட்டும் ஆல்ஃபிரட் லூமிசும் அதே அலையில் ரத்தச் செல்கள் உடைவதைக் காட்டினார்கள். நீரில் நுண்குமிழ்கள் உருவாகிப் படீரெனச் சுருங்குவதால் வரும் சேதம் இது. கப்பலின் உந்துவிசிறியை அரிக்கும் அதே குமிழ்கள். 1997இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் அந்தக் குமிழ்களைக் கசடுக்குள் வெடிக்கவைத்து, செரிமானம் விரைவதை எழுதினார்கள். கனடாவில் ஒரு குழு பால் பண்ணையின் கருவியைக் கடன் வாங்கியது. பாலில் ஆடை படியாமலிருக்கக் கொழுப்பை நுணுக்கும் இயந்திரத்துக்கு ஓகுஸ்த் கோலன் 1899இல் காப்புரிமை பெற்றார். அதுபோன்ற இயந்திரத்தின் இடுக்கு வழியாகக் கசடை மாபெரும் அழுத்தத்தில் பீய்ச்சினார்கள். இரண்டு முறையிலும் செல்கள் உடைந்தன. ஆனால் இரண்டும் மின்சாரத்தை உறிஞ்சின. ஆவிக்கு அந்தக் குறை குறைவு. கசடின் எரிவாயுவில் ஓடும் எஞ்சினின் வீண் சூடே ஆவி தயாரிக்க உதவும் என்பதால், சூட்டு வழியே முன்னால் நின்றது.

அதற்கும் இடறல் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆக்ஸ்லி கிரீக் நிலையத்தில் தோசைப் பழுப்பு திரும்ப வந்தது. வெந்த கசடிலிருந்து பிரிந்த நிறம் சுத்திகரித்த நீரிலும் தங்கியது. சூட்டை 165இலிருந்து 140 டிகிரிக்கு இறக்கிப் பார்த்தார்கள். நிறம் குறைந்தது, செரிமானம் குறையவில்லை.

காகிதம் சுற்றிய பாட்டில்கள் இருந்த டேவிஹியூமுக்கும் இந்தக் கொப்பரைகள் வந்து சேர்ந்தன, ஏறக்குறைய நூறாண்டு கழித்து. உபரிக் கசடு என்ற புதிரை உலகுக்குக் கொடுத்த இடத்திலேயே அதன் விடை, பல ஊர்களின் கசடையும் சேர்த்து வேகவைத்துக்கொண்டு நிற்கிறது. 2015இல் வாஷிங்டனின் புளூ பிளெயின்ஸ் நிலையம் 47 கோடி டாலர் செலவில் வட அமெரிக்காவின் முதல் வெப்பப் பக்குவ ஆலையைத் திறந்தது. அங்கே ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 கோடி லிட்டர் கொள்ளும் நான்கு செரிப்பான்கள் இருக்கின்றன. நிலையத்துக்குத் தேவையான மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்தே வருகிறது. லாரிகளில் ஏற்ற வேண்டிய எச்சம் பாதியாகக் குறைந்தது. அது ‘புளூம்’ என்ற பெயரில் தோட்ட உரமாக விற்பனையாகிறது. பெய்ஜிங் நகரம் ஐந்து நிலையங்களில் கசடை வேகவைக்கிறது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் நிலையங்களில் கசடைச் செரிக்கவைத்து அந்த வாயுவில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். நார்வேயில் செரிப்பானை 37 டிகிரியில் வைத்திருக்கவே எரிபொருள் வேண்டும். சென்னையின் வெயில் அந்த வேலையில் பெரும்பகுதியைச் சும்மா செய்துவிடுகிறது. எரிவாயுக் கணக்கு மட்டும் போட்டால் நம் ஊரில் அழுத்தக் கொப்பரை வைக்கப் பலரும் தயங்குவார்கள். நான் வேறு கணக்கு போடச் சொல்வேன். 1879இல் சார்ல் ஷாம்பர்லான், பாஸ்டரின் ஆய்வகத்தில் பாபின் சட்டியைக் கிருமி கொல்லும் கருவியாக மாற்றினார். இன்று எல்லா மருத்துவமனையிலும் இருக்கும் ஆட்டோகிளேவ் அதுதான். 165 டிகிரியில் அரைமணி நேரம் என்பது அதையும் விஞ்சிய சூடு. குடலில் தங்கும் உருளைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரணச் செரிப்பானில் மூன்று வாரம் இருந்தாலும் முழுதாக அழியாது. கொப்பரையைத் தாண்டி அது பிழைப்பதில்லை. கசடு எருவை வெறுங்கையால் அள்ளி, வெறுங்காலோடு வயலில் நிற்கும் மக்களின் நாட்டில் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

செலவு பெரிது என்பது உண்மை. கொதிகலனும் அழுத்தக் கலனும் வேண்டும், அவற்றை ஆபத்தின்றி இயக்கத் தேர்ந்த ஆட்களும் வேண்டும். பெருநகர நிலையங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். சிற்றூர்களின் செப்டிக் டேங்குகளிலிருந்து லாரியில் வரும் மலக்கசடு ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் குழிக்குள் செரித்தது. அதை வேகவைத்தால் பெரிதாக வாயு வராது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழியில் அமைந்த மலக்கசடு நிலையத்தில் அதை உலர் படுகைகளில் பரப்பி வைக்கிறார்கள். நீர் வற்ற அங்கே வெயில் நாள்கணக்கில் எடுத்துக்கொள்கிறது.